நேரில் சரிபார்த்தேன்

விண்ணப்பம் கைக்கு வந்ததும் பெரியநாயகி கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார். முதல் பக்கத்தில் கோட்டு போட்ட புகைப்படம், பட்டங்கள், நிறுவனத்தின் பெயர், ஆண்டு வருமானம் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் விருதுக் குழு பார்த்துக்கொள்ளும். கடைசிப் பக்கத்தில் ‘சமூக சேவை’ என்று தலைப்பிட்டு நான்கு கட்டங்கள்: சேவையின் விவரம், இடம், முடிந்த தேதி, பயனாளிகளின் எண்ணிக்கை. அவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில், ‘மேற்கண்டவற்றை நேரில் சரிபார்த்தேன்’ என்ற வரி. அதன் கீழ் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். இவருக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் போட்டார்கள். வரியைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடியவர் பெரியநாயகி ஒருவர்தான்.

எங்களுடையது தனியார் பல்கலைக்கழகம். ஆண்டுதோறும் ஆகஸ்டு இரண்டாம் சனிக்கிழமை, தொழிலில் உயர்ந்து ஊருக்கும் நல்லது செய்த முன்னாள் மாணவர்கள் பன்னிரண்டு பேருக்கு விருது கொடுக்கிறோம். முன்னாள் மாணவர் பிரிவு சேலம் அஸ்தம்பட்டியில், பல் மருத்துவமனை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. பாராட்டுரைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது என் வேலை. ஜன்னலோர மேசை பெரியநாயகியுடையது. வயது ஐம்பத்தாறு. திருச்செங்கோட்டுக்காரர். எட்டே முக்காலுக்கே வந்து, செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு நாள் முழுக்க வெறுங்காலோடு நடப்பார். தரையில் கால் பட்டால்தான் காது நன்றாகக் கேட்கும் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்.

விண்ணப்பத்தில் தொடர்புக்கென்று கொடுத்திருக்கும் எண்ணுக்கு அவர் பேசுவதே இல்லை. “அவரு ஆளுதான எடுப்பாரு” என்பார். அந்த ஊர் டீக்கடை, ரேஷன் கடை, சத்துணவுக்கூடம் என்று யாருடைய எண்ணையாவது பிடித்துவிடுவார். பேருந்து நடத்துனர்கள் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம். “ஏனுங்க, உங்கூர்ல லைப்ரரி ஒண்ணு தொறந்திருக்காங்களாமா?” என்று ஆரம்பிப்பார். ஊர்க்காரர்களோடு பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார். பதிவாளர் கூப்பிட்டால் உட்கார்ந்துகொள்வார்.

அவர் எழுதும் குறிப்புகள் சுருக்கமானவை. வாரந்தோறும் இலவச முகாம் நடத்துவதாக எழுதிய மருத்துவருக்கு, ‘ஒருமுறை நடந்தது.’ ஏரியைத் தத்தெடுத்ததாக எழுதிய அமெரிக்கப் பொறியாளருக்கு, ‘பலகை உள்ளது. ஏரிக்குள் சீமைக்கருவேலம் உள்ளது.’ கிராம நூலகத்துக்கு, ‘அலமாரி உள்ளது.’ மூவருக்கும் விருது கிடைத்தது. குறிப்பின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பிரதியெடுத்து, துணைப் பதிவாளர் கையெழுத்துப் போட்டார். விழாவில் ஏரிக்காரர் தண்ணீரைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

பெரியநாயகி ‘உண்மை’ என்று குறித்தவர்களும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சின்னராஜ் என்பவரின் பெயரை அவருடன் படித்தவர்கள் அனுப்பியிருந்தார்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் மேற்பார்வையாளர். ஆறு ஆண்டுகளாக வாரம் இரண்டு நாள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களைத் தன் பழைய ஆம்னியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். பெரியநாயகி அந்த ஆம்னியிலேயே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குழுவில் ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்து, “கோழிப்பண்ணை சூப்பர்வைசரா?” என்று கேட்டார். அதோடு முடிந்தது. அன்று பெரியநாயகி குழுவினருக்குக் காபி கொண்டுபோனவரிடம், “சாருங்களுக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க சாமி, கசப்பா ஏதோ தின்னுட்டாங்களாட்ட இருக்குது” என்றார்.

கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடிவிடும். இது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதாரண நாளில் எங்களைக் ‘கண்ணு’ என்பார், ‘சாமி’ என்பார், வா போ என்பார். குரல் தணிந்து, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ சேர ஆரம்பித்தால் நாங்கள் கோப்புகளைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வோம். ஒருமுறை அலுவலக உதவியாளர் குமரன், “பேசாம உங்களுக்கே ஒரு விருது குடுத்துரலாங்கக்கா” என்றார். “குடு சாமி. அதை ஆரு சரிபாக்கறது?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். பெரியநாயகியும் இங்கே படித்தவர்தான்.

இந்த ஆண்டு ஜூலையில் கதிர்வேலின் விண்ணப்பம் வந்தது. சங்ககிரியில் முப்பத்திரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். எங்களிடம் பி.காம். படித்தவர். மோகனூரைத் தாண்டி ஆற்றோரக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாணவிகளுக்கு எட்டு அறைகள் கொண்ட கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தார். முடிந்த தேதி: பிப்ரவரி. பயனாளிகள்: 214. படத்தில் இளஞ்சிவப்பு ஓடு பதித்த கட்டடம் பளபளத்தது. ‘இருநூற்றுப் பதினான்கு மாணவிகளின் கண்ணியத்தைக் காத்தவர்’ என்று நான் பாராட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் அது இன்னும் நன்றாக வந்திருந்தது.

பெரியநாயகி அந்தப் பள்ளியின் சத்துணவு ஆயா மாரக்காளின் எண்ணைப் பிடித்துவிட்டார். எழுந்து நின்று, ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுப் பேசினார்.

“கட்டடம் சோக்கா இருக்குதுங்க. வெளிச்செவுத்துல கூட டைல்ஸ் ஒட்டியிருக்குது.”

“புள்ளைங்க போறாங்களா?”

“எங்கீங்க போறது? பூட்டியல்ல இருக்குது.”

“எத்தன நாளா?”

“மாசியிலருந்துங்க. பெரியவங்க ஆரோ வந்து தொறக்கோணுமாம். பழச இடிச்சுப்போட்டுத்தானுங்க அந்த எடத்துல இத கட்டுனாங்க.”

“அப்ப புள்ளைங்க?”

மறுமுனையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. “பின்னால கரும்புக்காடு இருந்துச்சுங்க. போன வாரம் வெட்டிப்போட்டாங்க.”

பெரியநாயகி போனை வைத்துவிட்டு, 214 என்ற எண்ணை அடித்து, பக்கத்தில் ‘இதுவரை யாருமில்லை’ என்று எழுதினார். பிறகு அலமாரியைத் திறந்து கதிர்வேலின் கோப்பை எடுத்தார். அதில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஜனவரியில் கதிர்வேல், கட்டடத்தை மாசியில் திறக்கப்போவதாகவும் பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது வந்தால் மகிழ்ச்சி என்றும் எழுதியிருந்தார். எங்கள் பதில் அதன் பின்னால். அவர் இந்த ஆண்டு விருதுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும், விருது வழங்கிய பின் துணைவேந்தரே நேரில் வந்து திறந்து வைக்க விரும்புவதாகவும், அதுவரை திறப்பை ஒத்திவைத்தால் இரு தரப்புக்கும் பெருமை என்றும் இரண்டு மொழிகளிலும் இருந்தது. மகளின் பிரசவத்துக்காகப் பெரியநாயகி விடுப்பில் இருந்த மாதம் அது. பதிவாளர் சொல்ல, எழுதியது நான்.

அவர் படித்து முடித்து என் பக்கம் திரும்பினார். “நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். அன்று மாலை வரை என்னிடம் ‘ங்க’ போட்டே பேசினார்.

மறுநாள் கதிர்வேலே திறப்பு விழா அழைப்பிதழின் மாதிரியோடு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு அறைக்கும் தானே நின்று குழாய் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்.

“டைல்ஸ் பாத்தீங்களாக்கா? எங்கூட்டு பாத்ரூம்ல கூட அப்படி இல்லீங்க.”

“உங்கூட்டு பாத்ரூமுங்களா?” பெரியநாயகியின் குரல் தணிந்தது. “அத கட்டி முடிச்சு எத்தன மாசம் பூட்டி வெச்சிருந்தீங்க? கலெக்டரு வந்து தொறந்தாருங்களா, மந்திரி வந்து தொறந்தாருங்களா?”

கதிர்வேல் சிரித்தார். பெரியநாயகி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

“நீங்கதானுங்களேக்கா லெட்டர் போட்டீங்க. வி.சி. கையால தொறக்கறதுன்னா ஒரு இதுதானுங்களே. எங்கப்பா லாரி கழுவுனவருங்க. எனக்கும் ஆசை இருக்காதுங்களா? இன்னும் ஒரே மாசந்தானுங்க.”

“ஆமாங்க. ஒரு மாசந்தானுங்க. நீங்க ஒரு மாசம் காலைல எட்டு மணிலருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அடக்கி வெச்சிருந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. நானும் கையெழுத்துப் போட்டுத் தாரேனுங்க.”

கதிர்வேலின் முகம் சிவந்துவிட்டது. அழைப்பிதழை மேசையில் வைத்துவிட்டு நேராகப் பதிவாளரைப் பார்க்கப் போனார். அரை மணி நேரத்தில் போன் அடித்தது. பெரியநாயகி நாற்காலியை இழுத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எடுத்தார். பதிவாளரின் சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது.

“கட்டடம் இருக்குதா இல்லையாம்மா?”

“இருக்குதுங்க சார்.”

“அப்ப கையெழுத்துப் போடறதுக்கு என்ன?”

“நேர்ல பாத்தேன்னு போட்டிருக்குதுங்க சார். நான் இன்னும் பாக்கலீங்களே. நாளைக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க.”

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு விழா மலர் அச்சுக்குப் போகுது. நீங்க போடலீன்னா நாங்களே போட்டுக்கறோம்.”

“போட்டுக்குங்க சார். நான் லீவு போட்டுட்டுப் போறேனுங்க.”

பாராட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு போனேன். அவர் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாமக்கல்லில் ஒரு பேருந்து, மோகனூரில் ஒரு பேருந்து மாறி, பள்ளிக்குப் போய்ச் சேரும்போது காலை இடைவேளை மணி அடித்துக்கொண்டிருந்தது.

மைதானத்தின் ஓரத்தில் கட்டடம் நின்றது. கதிர்வேல் பெயர் பொறித்த கல்வெட்டைத் துண்டு ஒன்றால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் கரும்புச் சோகை எரித்த கருப்போடு வெட்டவெளி. அதைத் தாண்டி ஆற்றங்கரை மரங்கள் வரைக்கும் கண்ணுக்கு மறைப்பாக எதுவும் இல்லை.

பையன்கள் தொட்டிக் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் சும்மா நின்றார்கள். பெரியநாயகி அவர்களிடம் போய், “தண்ணி குடிக்கலையா சாமி?” என்றார்.

சௌமியா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் பதில் சொன்னாள். “மாட்டமுங்க. மத்தியானம் சாப்பிடறப்ப ஒரு வாய். அப்பறம் ஊட்டுக்குப் போயித்தான். இவளுக்குப் போன மாசம் காச்சல். டாக்டரம்மா நெறையா தண்ணி குடிக்கச் சொல்லுச்சுங்க.”

“குடிச்சியா?”

காய்ச்சல் வந்த பெண், விவரம் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பெரியநாயகியைப் பார்த்தாள். “குடிச்சா எங்கீங்க போறது?”

அதற்குள் தலைமையாசிரியை வேகமாக வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து என்றதும் முகம் மலர்ந்தது. சாவி அவருடைய கைப்பையிலேயே இருந்தது, சிவப்பு நாடா கட்டி. “நானே வெச்சிருக்கேனுங்க மேடம். ஆருகிட்டயும் குடுக்கறதில்ல. புள்ளைங்க போனா ஒரே வாரத்துல நாறிப்போயிருமுங்க. அப்பறம் வி.சி. வர்றப்ப டோனருக்குச் சங்கடமாப் போயிரும். புள்ளைங்களுக்கும் சொல்லித்தான் வெச்சிருக்கேன், இத்தன நாள் பொறுத்தீங்க, இன்னும் கொஞ்ச நாள்னு.”

“ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க டீச்சருங்க” என்றார் பெரியநாயகி. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். “உள்ள பாக்கோணுமுங்க. நேர்ல பாக்காம கையெழுத்துப் போட முடியாதுங்களே.”

“தாராளமா பாருங்க மேடம்.”

பூட்டைத் திறந்து கொண்டியில் மாட்டிவிட்டு, தலைமையாசிரியை கதவைத் தள்ளினார். சிமெண்டு வாசம் இன்னும் போகவில்லை. வரிசையாக எட்டுக் கதவுகள். குழாய்களில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. பெரியநாயகி செருப்பைக் கழற்றாமல் நேராக முதல் அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.

“மேடம், அது இன்னும் தொறக்கல... மேடம்?”

உள்ளே உறை கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் குழாய் இருமி, காற்றைத் துப்பி, வாளியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. மரத்தடிப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி சிரித்தாள்.

பெரியநாயகி வெளியே வந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். “தண்ணி நல்லா வருதுங்க டீச்சர்” என்றார். பெண்களைப் பார்த்து, “போங்க சாமி.”

எல்லோரும் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எதுவும் சொல்வதற்கு முன் சௌமியா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் பின்னால் காய்ச்சல் வந்த பெண். பிறகு எண்ண முடியவில்லை. எட்டுத் தாழ்ப்பாள்களும் விழுந்தன, வெளியே வரிசை மைதானம் வரைக்கும் நீண்டது.

தலைமையாசிரியை கையைப் பிசைந்தார். “சரி, நீங்க சொன்னதுக்காக இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டுங்க மேடம். மணி அடிச்சதும் கழுவி விட்டுப் பூட்டிக்கறேன்.”

“செய்யுங்க டீச்சருங்க” என்றார் பெரியநாயகி. கொண்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றினார். அதிலிருந்து சாவியை உருவி, சிவப்பு நாடாவை ஒழுங்காகச் சுற்றி, தலைமையாசிரியையின் உள்ளங்கையில் வைத்து அவருடைய விரல்களை மடக்கிவிட்டார். பூட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.