ரோசலின் போட்ட தரை

ரோசலினுக்கு நாற்பத்து மூன்று வயசு. அதில் இருபத்திரண்டு வருசம் தலையில் கலவைச் சட்டியோடு கழிந்தது. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். அருளப்பனைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் டவுனுக்கு வந்தாள். அருளப்பன் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். "அவரு முதுகுல தூக்குறாரு, நான் தலையில தூக்குறேன். எங்க வீட்டுல ஒக்காந்து திங்கிறது பூனை மட்டுந்தான்" என்பாள். அவள் இருக்கிற வேலையிடத்தில் சிரிப்புச் சத்தத்துக்குக் குறைவிருக்காது.

கொத்தனார்களுக்கு அவளைப் பிடிக்கும். அவளுடைய ஒரே ஒரு பழக்கம்தான் பிடிக்காது. தரை போட்டு முடிந்ததும் நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். "அண்ணே, அந்த மூலையில தண்ணி நிக்கும் போலத் தெரியுதே" என்பாள். தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையில் கொடுக்கிற சரிவை வாட்டம் என்பார்கள். ரசமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டிய அந்த வாட்டம் அவள் கண்ணுக்கு எப்படியோ தட்டுப்பட்டுவிடும். அவள் கைகாட்டின மூலையில் தண்ணீர் நிற்கும். நின்றால் கொத்தனாருக்கு இன்னும் கோபம் வரும்.

அவள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி புனித மோனிக்கா தொடக்கப் பள்ளி இருந்தது. பங்குக் கோயிலுக்குச் சொந்தம். வாசலுக்கே வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற பள்ளிக்கூடங்கள் பெருகியதில் இங்கே கூட்டம் கரைந்துபோய், கடைசி வருசம் மொத்தமே பதினோரு பிள்ளைகள். பிறகு மூடிவிட்டார்கள். மூன்று வருசம் புறாக்கள்தான் வகுப்புக்கு வந்துபோயின.

புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தார். "இம்புட்டு எடத்தைச் சும்மா போட்டு வைக்கிறது தப்பு. இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாத் தெருப் பிள்ளைகளும் படிச்சிருக்கு. எல்லாத் தெருவுக்கும் பொதுவா ஒரு சமுதாயக் கூடமா ஆக்கிருவோம்" என்றார். கோயில் ஆட்களோடு பள்ளிவாசல் தெருவையும் மாரியம்மன் கோயில் தெருவையும் சேர்த்துக் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு முந்தி எச்சம் கூட்டிச் சுத்தம் பண்ண ரோசலினைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வந்த பெரிய மனுசர்கள் உட்கார அங்கே ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகள் மட்டுமே இருந்தன. ஒரு முழ உயரம். தோல் மண்டிக்காரரும், பாத்திரக்கடைக்காரரும், ஓய்வுபெற்ற தாசில்தாரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலைமையில் யாருக்கும் குரலை உயர்த்திப் பேச வரவில்லை. ஒருத்தர் மேடை வேண்டும் என்றார். இன்னொருத்தர் வாசலில் வளைவு வேண்டும் என்றார்.

கமர்ஜஹான் மட்டும் பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றுகொண்டார். விசேஷ வீடுகளுக்கு ஆள் கூட்டிப்போய்ப் பிரியாணி ஆக்கிப்போடுகிற அம்மா அவர். ஐம்பது வயசிருக்கும்.

"மேடை கெடக்கட்டும். பொம்பளைங்க ரெண்டு மணி நேரம் ஒக்காரணும்னா கக்கூசு வேணும். நூறு பேரு சாப்புட்டா ஏனம் கழுவ எடம் வேணும். மொதல்ல அதைப் பாருங்க, அத்தா. வளைவை எவ வந்து பாக்கப் போறா?"

விளக்குமாற்றோடு மூலையில் நின்ற ரோசலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கமர்ஜஹான் அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே இருவருக்கும் பழக்கமாகிவிட்டது.

முத்துச்சாமி மேஸ்திரி வேலையை எடுத்தார். ரோசலின் வழக்கமாக அவர் கோஷ்டியில்தான் போவாள். மூன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தார்கள். ஒரு நல்ல கூடம் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பு தையல் அறையானது. பின்பக்கத் தாழ்வாரம் அடுப்படிக்கும் பாத்திரம் கழுவவும். வேலை மடமடவென்று ஓடியது. தை பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று குறித்தார்கள். கீழத்தெரு புவனேஸ்வரி அதே வாரம் தன் மகளுக்குக் காதுகுத்து அங்கேதான் என்று பத்திரிகையே அடித்துவிட்டாள்.

முத்துச்சாமி கெட்டிக்காரர். அவர் எழுப்பிய சுவரில் நூல் பிடித்தால் மயிரிழை விலகாது. ஆனால் பின்தாழ்வாரத்துத் தரையை அவசரத்தில் போட்டார். ரோசலின் சட்டியை இறக்கிவிட்டு ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"மேஸ்திரி, தண்ணி குழிக்குப் போகாம சுவருக்குல்ல ஓடும்?"

"ஏத்தா, ஒன் கண்ணுல என்ன ரசமட்டமா வச்சுத் தச்சிருக்கு? போயி கலவை எடுத்துட்டு வா."

அவள் போய்க் கலவை எடுத்துவந்தாள். டைல்ஸ் ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் வடிகால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் சுவரோரமாகப் போய்க் குளமாக நின்றது. "தொடைச்சு விட்டுக்கலாம், சாமி" என்று முத்துச்சாமி சாமியாரிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்தக் குளத்திலேயே செருப்பு வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்தார். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது.

திறப்புக்கு ஒன்பது நாள். தை மாதம், ஊரெல்லாம் கிரகப்பிரவேசம். எந்தக் கொத்தனாரும் கையில் சிக்கவில்லை. சாமியார் நாலு பேருக்குப் போன் போட்டு அலுத்துப்போய்க் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையோடு முத்துச்சாமி பக்கத்தில்.

"நான் போடுறேன், சாமி" என்றாள் ரோசலின்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்றே அவளுக்குத் தெரிந்தது. காது இரண்டும் சூடேறியது. கூட வேலை பார்க்கிற அய்யம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இவளையே பார்த்தாள்.

முத்துச்சாமி சிரித்தார். "பூசுற கரணையைக் கையில புடிச்சிருக்கியா?"

"எங்க வீட்டுக் குளியலறை நான் போட்டதுதான். பக்கத்து வீட்டு அடுப்புத் திட்டும் நான் கட்டுனதுதான். ஞாயித்துக்கிழமைல."

"எங்க, காட்டு" என்றார் அடுப்படியைப் பார்க்க வந்திருந்த கமர்ஜஹான்.

"இப்பவா?"

"இப்பத்தான். வா புள்ள."

கமர்ஜஹான் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியாகிவிட்டது. சாமியாரும் பின்னால் நடந்தார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று முத்துச்சாமியும். நாலு தெருவும் தாண்டுவதற்குள் இன்னும் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். ரோசலின் வீட்டுக் குளியலறையில் அந்த நேரம் பார்த்து அருளப்பன் மண்டியிலிருந்து வந்து, தலையெல்லாம் சோப்பு நுரையாக இருந்தான்.

"யோவ், வெளிய வா! ஆளுக வந்திருக்காக!"

"எதுக்கு?"

"தரையைப் பாக்க!"

துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி அவன் வெளியே வந்தான். எதிரில் பங்குச் சாமியாரைப் பார்த்ததும் "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டான். நுரை மூக்கில் வழிந்தது. யாரும் அவனைக் கவனிக்கவில்லை. கமர்ஜஹான் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து நாலு மூலைக்கும் வீசி ஊற்றினார். எல்லாரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நாலு மூலையிலிருந்தும் ஒழுங்காகக் கிளம்பி, நடுவில் கூடி, குழியில் இறங்கியது. எங்கேயும் ஒரு துளி நிற்கவில்லை.

முத்துச்சாமி குனிந்து இடது கையால் தரையைத் தடவினார். "நூலு கோணியிருக்கு" என்றார். குழிவரைக்கும் தடவிப் பார்த்து, "வாட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் காலை ரோசலின் சேலைமேல் அருளப்பனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போனாள். போட்டிருந்த டைல்ஸை உடையாமல் பெயர்க்கலாம் என்றுதான் நினைத்தாள். முதல் மூன்றும் உடைந்து தூளாயின. இன்னொரு தொல்லை, அவளுக்குச் சட்டி தூக்குவது யார் என்பது. "நேத்து வரைக்கும் என்கூடத் தூக்குனவ. இன்னைக்கு ஒனக்கு நான் தூக்கணுமாக்கும்?" என்று அய்யம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோசலினுக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொல்வதில் தப்பில்லை என்று பட்டது. தானே கலவை குழைத்து, தானே தூக்கி, தானே பூசினாள். மதியத்துக்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு வரிசை ஒட்டியிருந்தாள். இரண்டாவது வரிசை பாம்பு போன மாதிரி நெளிந்து கிடந்தது. பெயர்த்துப் போட்டாள்.

மறுநாள் அருளப்பன் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றான். "நூறு கிலோ தூக்குறவனுக்கு இது ஒரு வெயிட்டா" என்று சொல்லி, கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றினான். அது ரசம் போல ஓடியது.

"வெங்காயத்தைத் தவிர ஒமக்கு வேற என்ன தெரியும்?" என்று ரோசலின் கத்த, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அய்யம்மாளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி, "தள்ளுங்கண்ணே, பாக்கச் சகிக்கல" என்று குழைக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு சட்டிக்குப் பஞ்சமில்லை.

முத்துச்சாமியும் தினம் வந்தார். ஒன்றும் சொல்வதில்லை என்ற முடிவோடு வருவார். கால் மணி நேரம்கூட வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "நூலை இழுத்துக் கட்டு. கண்ணை மட்டும் நம்புனா வாட்டம் வரும், வரிசை வராது." அவர் சொன்னபடி இடது கையால் அவரே நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் மறுமுனையைக் கட்டினாள். வரிசை நேரானது.

குழாய்களில்தான் ஒரு சண்டை வந்தது. பிள்ளைகளுக்காக வைத்த குழாய்கள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்தன. அத்தனையையும் ஏற்றிவிடச் சொன்னார் தாசில்தார். ரோசலின் ஒரு வரிசையை மட்டும் தொடவில்லை. "விசேஷத்துக்குப் பிள்ளைக வராதா சார்?" என்று கேட்டாள். கமர்ஜஹான் அங்கே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கால் கழுவ வாகாக இருந்தது. "தொழுகைக்கு முந்தி ஒளுச் செய்ய இத விட வசதி எங்க இருக்கு? இத எவனாச்சும் கழட்டுனா கையை ஒடிப்பேன்" என்றார். அந்த வரிசை தப்பித்தது.

திறப்பு நாளில் ரிப்பனை யார் வெட்டினார்கள் என்று ரோசலினுக்குத் தெரியாது. அவள் பின்தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேச்செல்லாம் முடிந்து பந்தி எழுந்ததும் நூற்றெண்பது தட்டு கழுவ வந்தது. நாலு குழாயும் திறந்தார்கள். எண்ணெய்த் தண்ணீர் தரையில் பரவி, ஒரு கணம் எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதுபோல இருந்து, பிறகு விறுவிறுவென்று வடிகாலுக்கு ஓடியது. அவள் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடியே நின்றாள். அய்யம்மாள் அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, "கொத்தனாரம்மா, பாயசம் தீரப் போகுது, வா" என்று இழுத்துப் போனாள்.

புவனேஸ்வரி வீட்டுக் காதுகுத்துக்கு வந்த பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டே தரையைப் பற்றி விசாரித்தார்கள். தண்ணீர் தேங்குகிற குளியலறை இல்லாத வீடு எது? பத்து நாளில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். இப்போது சின்னாளபட்டியில் ஒரு வீடு, ஊருக்குள் இரண்டு வீடு என்று வேலை ஓடுகிறது. அய்யம்மாளோடு கூட்டு. சுவர் வேலை என்றால் முத்துச்சாமிக்குப் போன் போடுவாள். தரை வேலை வந்தால் அவர் இவளுக்குப் போடுவார். கூலி கொத்தனார் கூலிதான். அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் தையல். மாதத்தில் ஒருநாள் டாக்டர் வந்து சர்க்கரை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்கள் உள்ளே ரிங்பால் ஆடுகிறார்கள். ரோசலின் வளையத்தைப் பிடிப்பதை விடக் கத்துவதுதான் அதிகம்.

போன வாரம் ஒத்தக்கடைப் பக்கமிருந்து யாரோ போன் பண்ணினார்கள். அருளப்பன் எடுத்தான்.

"ஏங்க, கொத்தனார் வீடா? கொத்தனார் இருக்காருங்களா?"

"இருக்காக. சாப்புட்டுக்கிட்டு இருக்காக" என்றான் அருளப்பன், வெஞ்சனக் கிண்ணத்தை மனைவி பக்கம் நகர்த்திக்கொண்டே. "செத்த நேரம் கழிச்சுக் கூப்புடுங்க."