சினையாட்டுக்குப் போட்ட ஊசி

சாரல் மாதங்களில் எங்கள் இலஞ்சியில் ஆடுகளுக்குக் குளம்பு அழுகும். பின்வீட்டுக்காரி தன் ஒற்றை வெள்ளாட்டை நொண்ட நொண்ட இழுத்து வந்தாள். ஓய்வு பெற்றாலும் கால்நடை மருத்துவன் மருத்துவன்தானே. குளம்பைச் செதுக்கி, தினமும் மயில்துத்தக் கரைசலில் கழுவச் சொன்னேன். ஊசி வேண்டாம் என்றேன். வயிற்றைப் பார்த்தாலே நான்கு மாதச் சினை என்று தெரிந்தது.

இரண்டொரு நாளில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

“அண்ணாச்சி, நீங்க ஒரு வாரம் கழுவச் சொன்னிய. தென்காசில இருந்து ஒருத்தர் வந்து ஊசி போட்டாரு, ஒரே ராத்திரில வீக்கம் வத்திட்டு. அம்புட்டு படிச்சு என்னத்துக்கு?”

குப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டீராய்டு.

“சினையான்னு கேக்கலையா அவரு?”

“கேட்டாரு. இல்லைன்னுட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட சொன்னா கண்ணு பட்டுராதா?”

ஆக, நடைமுறையில் குறையே இல்லை. ஊசிக்கு முன் கேட்க வேண்டியது கேட்கப்பட்டது, பதிலும் பெறப்பட்டது. எங்கள் பக்கம் குட்டி தரையில் விழுந்த பிறகுதான் ஆடு சினையாக இருந்ததையே ஒப்புக்கொள்வார்கள். என்னிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மாலை ஆடு முக்கத் தொடங்கியது. இரண்டு குட்டிகள். முதலில் வந்த கிடாவுக்கு மூச்சில்லை. மூக்கைத் துடைத்தேன், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினேன், சாக்கால் நெஞ்சைத் தேய்த்தேன். எல்லாம் முறைப்படி செய்தேன். முறைப்படி செத்தது. பெட்டைக்கு மூச்சு இருந்தது, இழுத்து இழுத்து.

“ஒரே ஊசிதானே அண்ணாச்சி? காலுக்கு நல்லது செஞ்சது, குட்டிக்கு ஏன் இப்படிச் செஞ்சுட்டு?”

சொன்னேன். மருந்து ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி செல்லில் இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். ஏற்பியைச் செய்யும் மரபணு எல்லாச் செல்லிலும் உண்டு. எவ்வளவு செய்கிறது என்பது உறுப்புக்கு உறுப்பு, மாதத்துக்கு மாதம் மாறும். காலில் வீக்கம் வற்றியது. நஞ்சுக்கொடியோ பிரசவ நேரம் வந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டது. ஆனால் கருவின் நுரையீரல் கடைசி நாட்களில்தான் மருந்தின் இந்த உத்தரவைக் கேட்டு முழுதாகத் தயாராகும். அதிலும் பெட்டைக்குக் கொஞ்சம் முந்தி.

“அப்போ இது பிழைச்சிருமா?”

சாக்கை எடுத்து மறுபடி அதன் நெஞ்சைத் தேய்த்தேன்.

காலையில் நான் போனபோது பழைய சேலைக்குள் குட்டியைச் சுற்றி, கூடையோடு மடியில் வைத்திருந்தாள். பால் வாங்கப் போன எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, குட்டி எப்படி இருக்கு?”

“எங்கன பிழைக்கப் போவுது” என்றாள் இவள்.

கண்ணுக்குப் பயந்து மாற்றிச் சொல்கிறாள் என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. எதிர்வீட்டுக்காரி தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, இனி உண்மையைச் சொல்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சேலையை விலக்கி, என் கையைப் பிடித்துக் குட்டியின் நெஞ்சில் வைத்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்கு இருவரும் காத்திருந்தோம்.