"வாங்க" என்று எழுந்த கால்கள்

என் தமக்கையார் மறைந்த ஓராண்டு நிறைவில் இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! தமக்கையாரைப் பற்றி இனிய சொற்களை மட்டும் எழுதித் தருமாறு அவர் மகன் என்னைக் கேட்டுக்கொண்டார். என் மனம் இடந்தரவில்லை. தமக்கையாரின் உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தபோதே வெளியே பந்தலில் ஒருவர் சொன்னது என் செவியில் விழுந்தது: "சும்மா கெடக்காம இந்த வயசுல காலத் தூக்கிப் பழகுனாங்க. அதான் போய்ச் சேந்துட்டாங்க." சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். அது பொய். அப்பொய்யை மறுக்கவே எழுதுகிறேன்.

தமக்கையார் பிறந்தது கொடுமுடிக்கு அருகே, வாய்க்கால் பாசனம் பெறும் சிற்றூரில். வாழ்க்கைப்பட்டது காரமடைப் பக்கம். இளமையிலேயே கணவரை இழந்து, தோட்டத்தையும் ஒரே மகனையும் தனியராய் நின்று காத்தார். நடுவயதில் முடக்குவாதம் பற்றியது. விரல், மணிக்கட்டு, முழங்கால் என மூட்டுகள் ஒவ்வொன்றாய் வீங்கின. மருந்துகள் தணித்தன, நோவு முற்றும் நீங்கிய நாள் இல்லை. ஆயினும் வாசலில் யார் வந்தாலும் எழுந்து நின்று "வாங்க" என்று சொன்ன பிறகே வேறு பேச்சு.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கால்தசைகள் மெலிந்தன. ஒருநாள் மகனின் மாமியார், சம்பந்தியம்மாள் வந்தார். தமக்கையார் நாற்காலியின் கைகளைப் பற்றி முயன்றும் எழ இயலவில்லை. அமர்ந்தபடியே கைகூப்பினார். "எந்திரிச்சு ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னாக் கொறஞ்சு போயிருவீங்களாக்கும்?" என்று கேட்ட சம்பந்தியம்மாள், கொடுத்த தண்ணீரைத் தொடாமல் காந்திபுரம் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். நோவு அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இருந்தும் "என்னதான் வலின்னாலும் மருவாதின்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க" என்று அவர் பக்கமே நின்றீர்கள்.

தமக்கையார் அழவில்லை. "தம்பி, வலி போகோணும்னு நான் கேக்கல. அது பாட்டுக்கு எங்கூட இருந்துட்டுப் போகட்டும். எந்திரிக்க வலு வேணும். அதுக்கு வழி இருக்குதான்னு பாரு" என்றார். மூட்டு மருத்துவரே கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியைப் பரிந்துரைத்து, இயன்முறை மருத்துவர் பூங்கொடியை அனுப்பி வைத்தார்.

நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உயர்த்தி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும். தொப்பென்று விழாமல் மெல்ல அமர வேண்டும். வலு ஏற ஏறத் தலையணைகள் குறையும். கணுக்காலில் சிறு மணற்பையைக் கட்டிக் காலை நீட்டி நிறுத்தவும் வேண்டும். மூட்டு வீங்கிச் சூடேறிய நாள்களில் பளு கிடையாது, மெல்லிய அசைவு மட்டுமே. நோவு மறுநாளும் நீடித்தால் பூங்கொடி பயிற்சியைக் குறைத்துவிடுவார். இத்துணைக் கருத்தோடு செய்ததைத்தான் நீங்கள் எள்ளி நகைத்தீர்கள்.

"ஏனுங் அக்கா, எந்த ஊர்க் கோதாவுல எறங்கப் போறீங்க?" என்றார் எங்கள் சிற்றப்பாவின் மகன்.

"உன்னத் தூக்கி வாய்க்கால்ல போடற அளவுக்கு வலு வந்தாப் போதும் சாமி" என்றார் தமக்கையார்.

மாதங்கள் சென்றன. ஒரு காலை, பூங்கொடி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தமக்கையார் கைகளை ஊன்றாமல் எழுந்து நின்றார். "வாங்க அம்மணி" என்றார். பூங்கொடி பதறிப்போய், "உக்காருங்கம்மா, எனக்குப் போயி எந்திரிச்சுட்டு" என்றார். அங்கிருந்த அதே சிற்றப்பா மகனின் முகம் சுருங்கியது. பூங்கொடியின் தந்தையார் நம்மவர் தோட்டங்களில் கூலிக்கு உழைத்தவர். பயிற்சி முடிந்து பூங்கொடி சென்றதும், "சம்பந்திக்கு எந்திரிக்காத காலு, பண்ணையத்தாளு புள்ளைக்கு எந்திரிக்குதாக்கும்?" என்றார்.

"சாதி கேட்டுப்போட்டு எந்திரிக்க அது இன்னும் பழகல. நீ வேணா வந்து பழக்கு" என்றார் தமக்கையார். அதன் பிறகு வாசலேறிய எவருக்கும் அவர் எழாமல் இருந்ததில்லை.

பின்னர் நுரையீரலில் அழற்சி கண்டு கோவையில் மருத்துவமனையில் சேர்ந்தார். தேறித் திரும்பியபோது, நாள்தோறும் எழுப்பி நிறுத்துங்கள் என்றே மருத்துவர் சொல்லியனுப்பினார். என் மனைவியின் கண் அறுவைக்காக நான் வெளியே இருந்த நாள்களில், பார்த்துக்கொள்ள வந்த உறவினர் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. பூங்கொடியை வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றனர். "என்னைய நிக்க உடுங்கடா" என்று தமக்கையார் கெஞ்சியிருக்கிறார். "பேசாமப் படுங்க பெரியம்மா" என்பதே மறுமொழி. நான் திரும்பியபோது, அரும்பாடுபட்டுச் சேர்த்த வலு கரைந்திருந்தது. மீண்டும் காய்ச்சல் கண்டது; நுரையீரல் தாங்கவில்லை.

உயிரைக் கொண்டுபோனது அந்நோய், பயிற்சி அன்று. கிடத்தி வைத்ததே கொன்றது என்று நான் சொல்லேன். மருத்துவர் அவ்வாறு கூறவில்லை. ஆனால் தம் காலில் நின்று விடைபெறும் உரிமையை அவரிடமிருந்து பறித்தீர்கள். அன்பு என்று அதற்குப் பெயரிட்டதை நான் பொறுக்கமாட்டேன்.

நன்றிக்குரியோர் சிலரே. மருத்துவர்கள், செவிலியர்கள். தமக்கையாரின் மருமகள், உங்கள் கண் படாத வேளையில் தோள்கொடுத்து மாமியாரை எழுப்பி நிறுத்தியவர், அந்தச் சம்பந்தியம்மாளின் மகளே. அடுத்து, பூங்கொடி. உங்கள் கைக்கு முன்னமே வந்துவிட்டாலும், இம்மலரின் முதற்படியை இன்று மேடையில் முறைப்படி பெறுபவர் அவரே. அவர் மண்டபத்தினுள் வரும்போது எழுந்து நில்லுங்கள். முழங்கால் நோவு உடையோர் அமர்ந்திருக்கலாம். யார் யாருக்கு அந்நோவு உண்டு என்பதை நான் அறிவேன்.