ஐந்தாவது உத்திரத்துக்குக் கீழே ஒரு நாற்காலி

"எத்தன கிலோ இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கலந்தர் வணக்கத்துக்குப் பதில் சொல்கிறார். சொன்ன எடையைக் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ஒரு பிளைவுட் துண்டில் குறித்துக்கொள்கிறார். மாடிக்கு மரத்தளம் போடுகிறவர் அவர். மேலே நடமாடப்போகிறவர்களின் கனம் தெரியாமல் உத்திரம் அடுக்குவதில்லை என்பது கொள்கை. டாக்டர்கள்கூட இந்தக் கேள்வியை இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள்.

வலங்கைமானில் கல்யாணராமன் வீட்டு வேலை. கோடையில் வெடித்து மழையில் உப்பும் களிமண் நிலம். பழைய சுவர்களில் கைரேகை மாதிரி விரிசல். கான்கிரீட் மாடியை இது தாங்காது, மரத்தில் போடுங்கள் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். பாங்கிலிருந்து ஓய்வுபெற்ற கல்யாணராமன், தன் எடையை எண்பத்தொன்று புள்ளி நாலு என்று சுத்தமாகச் சொன்னார். அவர் மனைவி வாலாம்பாளிடமும் கலந்தர் அதே பணிவோடு கேட்டார். அன்று அவருக்குக் காப்பி வரவில்லை. பிளைவுட்டில் அந்த அம்மாளின் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும் நின்றது.

ஒவ்வொரு உத்திரத்தையும் இடது கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நுனிவரை பார்ப்பார். "எந்த மரமும் நேரா இருக்காது சார். லேசா ஒரு கூன் இருக்கும். கூன் மேல பாத்தாப்ல வச்சா, கனம் ஏற ஏற நிமிந்துக்கும். கீழ பாத்துச்சுன்னா தொங்கிக்கிட்டே போவும்." மனிதர்களையும் அப்படி ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கிறார். பிளம்பர் ராம்கியைப் பார்த்தால் மட்டும் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறார்.

காரணம் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு ஐந்தே நாள். கலந்தர் ஜும்மா தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள், குளியலறைக் குழாயைக் கொண்டுபோவதற்காக ஐந்தாவது உத்திரத்தின் அடியில், நட்டநடுவில், பாதி மரத்தை ராம்கி வெட்டி எடுத்திருந்தார்.

"என்னா தம்பி பண்ணி வச்சிருக்க?"

"தண்ணி வழிஞ்சு ஓட வாட்டம் வேணும்ல பாய். அதான் பாதி மரம் இருக்குல்ல?"

"ஒன் முதுகெலும்புல பாதிய எடுத்துட்டு, மீதி இருக்குல்லன்னு நான் சொல்லட்டா?"

கல்யாணராமனுக்கு வேறு யோசனை. "பாய், அந்த எடத்துல பட்டி வச்சு வார்னிஷ் அடிச்சுட்டா தெரியவா போறது?"

"தெரியாது சார். அறுபது பேரு மேல ஒக்காந்து சாப்புடறப்பதான் தெரியும். ஒரு வாரம் தள்ளி வைங்களேன்."

அரசாங்கத் தேதியை நகர்த்திவிடலாம். முகூர்த்தத் தேதி நகராது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாலாம்பாள், "நான் அந்த மாடிக்கு ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

கலந்தர் உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்தார். குழாயைப் பிடுங்கி, மரத்தைத் தொடாமல் இரண்டு உத்திரங்களுக்கு நடுவே திருப்பிவிடச் செய்தார். வெட்டுப்பட்ட மரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக முழுநீளத்துக்கு இரண்டு தேக்குக் கட்டைகளைச் சேர்த்து, போல்ட் போட்டு முறுக்கினார். மூன்றாம் நாள் மாலை முட்டுகளை எடுத்தபோது தளம் அசையவில்லை. வாலாம்பாளும்தான்.

கிரகப்பிரவேசத்தன்று மாடியில் முதல் பந்தி. படியடியில் நின்ற வாலாம்பாளை உறவுக்காரர்கள் கூப்பிட்டுக் களைத்தார்கள். "முழங்கால் வலி" என்றார் அவர், உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

"எனக்குக் கீழயே எல போடுங்க" என்றார் கலந்தர். ஒரு மேசையையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் ஐந்தாவது உத்திரத்துக்கு நேர்கீழே போட்டார். பிறகு வாசலோரம் உட்காரப்போன ராம்கியைப் பார்த்து, "தம்பி, இங்க வாங்க" என்றார். மரியாதை கூடியதுமே ராம்கி உஷாராகிவிட்டார்.

"இங்கயே இருக்கேன் பாய். காத்து நல்லா வருது."

"அதவிட இங்க நல்லா வரும்." ராம்கியின் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மேலே அறுபது பேர் உட்கார்ந்தார்கள். தளம் ஒருமுறை 'க்ரீச்' என்றது. ராம்கியின் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. கலந்தர் ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

வாலாம்பாள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார். காலடிச் சத்தம் ஐந்தாவது உத்திரத்துக்கு வந்து நின்றது. குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. மறுபடி ஒரு மிதி. அப்புறம் சாதாரணமாக நடந்து போயிற்று.

பாயசத்தோடு அவரே இறங்கி வந்தார். கலந்தரின் இலைக்குக் குனிந்தவர், கரண்டியைச் சாய்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "எழுபத்தெட்டு."

கலந்தரின் இடதுகை தன்னால் பென்சிலுக்குப் போயிற்று. பக்கத்தில் ராம்கி காதைத் தீட்டிக்கொண்டிருப்பது ஒற்றைக் கண்ணில் பட்டது. பென்சிலைத் திரும்பக் காதிலேயே செருகிவிட்டு, "இன்னுங்கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று இலையைக் காட்டினார்.