உப்பு இறங்கிய நாட்கள்

வார்டு மெல்ல மிதந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஹவுராவுக்குப் போகும் படகில் ஏறியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. கட்டிலுக்கடியில் நதி ஓடும் சத்தம் கேட்டது. படகில் எதற்கு இத்தனை பேரைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது.

உண்மையில் நான் பெஹாலாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் கிடந்தேன். எனக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்ததுமே என் கணவர் சமையலில் உப்பை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் முணுமுணுத்தாலும் விடமாட்டார். கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் விதி. ஆவணி மாதத்துப் புழுக்கம் தாங்காமல் நான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். ஒரு காலையில் காபியும் கையுமாக வந்து நின்ற அவரைப் பார்த்து, யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேனாம்.

பக்கவாதமோ என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் சோடியம்தான் அதலபாதாளத்தில் இருந்தது. டாக்டரம்மா சிறுநீரையும் சோதித்து, மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்துவிட்டார். அழுத்தத்துக்காகப் புதிதாகத் தந்த மாத்திரை சிறுநீரோடு உப்பை வெளியேற்றியிருக்கிறது. மிச்சமிருந்ததை நான் குடித்த தண்ணீர் நீர்க்கச் செய்துவிட்டது. மாத்திரையை நிறுத்தி, செறிவான உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு, ஏறாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று என் கணவரிடம் சொல்லிவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் அளந்துதான்.

சோடியம் கொஞ்சம் ஏறியது, பிறகு இறங்கியது. டாக்டரம்மா குழம்பிப்போனார். அப்போது நடந்ததை என் கணவர் பின்னால் எனக்கு நடித்தே காட்டினார்.

"யாராவது தண்ணி குடுக்கறீங்களா?"

"தண்ணியா? ஒரு சொட்டுகூட இல்ல. டாப் மட்டும்தான்."

பெருமையாகச் சொல்லியிருக்கிறார், மனுஷன்! டாப் என்றால் இளநீர். இந்த ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் இல்லாமல் வருவதில்லை. அண்ணி முறை வைத்து நாங்கள் பௌதி என்று கூப்பிடும் மாடிவீட்டு அம்மா தினமும் பாட்டிலில் நிரப்பிக் கொண்டுவந்தார். நம்மவர்களுக்கும் இளநீர் என்றால் உடம்புக்குக் குளிர்ச்சி. வங்காளமும் தமிழ்நாடும் ஒத்துப்போன அபூர்வ விஷயம் அது. அதில்தான் நான் முங்கிக்கொண்டிருந்தேன்.

"அதுவும் தண்ணிதான்" என்றாராம் டாக்டரம்மா. என் கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு படகில் நர்ஸ் அளந்து தருவதற்கு மேல் எனக்குத் துளி நீர்கூடக் கிடைக்கவில்லை. சுற்றிலும் நதி தளும்புகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மாட்டேன் என்கிறார்.

"ஒரு வாய் தண்ணி குடுங்க."

"இல்லம்மா. நர்ஸ் வந்து குடுப்பாங்க."

"சாகப்போறவளுக்குத் தண்ணி குடுக்காத பாவம் ஏழு ஜென்மத்துக்கும் உங்கள விடாது."

அவர் ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அந்த மனிதரை அப்போது நான் மனதார வெறுத்தேன். இதெல்லாம் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. கரையோரம் விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன, நான் திட்டிக்கொண்டே மிதந்தேன்.

ஒரு காலையில் கண்ணைத் திறந்தபோது திரை வெறும் திரையாக இருந்தது. நதிச் சத்தம் ஏசியின் சத்தமாகிவிட்டிருந்தது. நர்ஸ் என் கையிலிருந்து ரத்தம் எடுத்தபடி, சோடியம் ஏறிக்கொண்டே வருகிறது என்றாள். என் கணவரைப் பார்த்தேன். உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. முந்தைய நாளிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று நர்ஸ்தான் கோபமாகச் சொன்னாள்.

"என்னங்க இது, தண்ணிகூடக் குடிக்காம?" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, குழந்தைபோல் அழுதார்.

"நீ கேட்டுக்கிட்டே இருக்கறப்ப எனக்கு எப்படிம்மா இறங்கும்?"