கைகாட்டி

"மிதிங்க அத்தா."

வண்டிக்கு அடியில் படுத்தபடி அல்மாஸ் சொன்னாள். மேலே அவளுடைய தகப்பனார் ஹிதாயத்துல்லா பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு, கதவின் வெளிப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார். மிதித்தாயிற்று என்று அர்த்தம். அவள் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த பிரேக் எண்ணெய் நிப்பிளைத் திறந்தாள். எண்ணெயோடு காற்றுக் குமிழி வந்தது. மூடினாள். அம்பாசடர் பிரேக்கில் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். சிறு வயதில் அவள் மேலே, அவர் கீழே. அவருக்கு முட்டி மடங்காமல் போனதும் இடம் மாறிக்கொண்டார்கள்.

"சென்னையில மிஷின் வச்சி பிரேக் டெஸ்ட் பண்றவளுக்கு இங்க தரைதான் சீட்டு."

"பேசாம மிதிங்க."

"சீக்கிரம் முடி. சிதம்பரத்துல ஒரு வேல இருக்கு."

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் அத்தா தூக்கத்திலேயே மவுத்தானார்.

கடலூர் முதுநகர் ஜங்ஷன் வாசலில் டாக்ஸி ஓட்டியவர். துறைமுக லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகி, கடைசியில் சொந்த வண்டி வாங்கியவர். கல்யாண மாப்பிள்ளைகளையும் பிரசவக்காரிகளையும் ஒரே வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். குடும்பம் எங்கே போனாலும் ஸ்டியரிங் அவர் கையில். அதனால் வீட்டு வீடியோக்களில் எல்லோரும் இருந்தார்கள், அவர் இல்லை. அசையாத போட்டோக்கள்தான் மிச்சம்.

ஆனால் ஒரு சினிமா இருந்தது. அதில் ஒரு கையும் இருந்தது.

வாலிப வயதில் அவரும் டாக்ஸி ஸ்டாண்டுச் சிநேகிதர் சாமிக்கண்ணுவும் ஒரு படத்தின் கார் துரத்தலில் வில்லனுக்குப் பதிலாக டோப்பா வைத்துக்கொண்டு மாறி மாறி ஓட்டினார்கள். கறுப்பு அம்பாசடரில் வில்லன், பின்னால் போலீஸ் ஜீப். முதுநகர் பாலத்தில் ஏறும் கார், இறங்கும்போது சிதம்பரம் தெற்கு வீதியில் இருக்கும். நடுவில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாவற்றையும் எடிட்டர் விழுங்கிவிட்டார். மேலவீதி முனையில் வில்லன் காரின் சன்னலிலிருந்து ஒரு கை நீளும். வலதுபக்கம் திரும்புகிறேன் என்று ஒழுங்காகச் சைகை காட்டிவிட்டுத்தான் கார் திரும்பும்.

தியேட்டரே கூரை பிய்யச் சிரித்தது. வெளியே வந்ததும் ஹிதாயத்துல்லா முந்திக்கொண்டார்: "பாத்தீங்களாடா நம்ம சாமிக்கண்ணு கைய!" ஜங்ஷனில் ரயிலுக்குக் கைகாட்டி மரம் நின்ற காலம். பேருக்கு யாரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கைகாட்டி சாமிக்கண்ணு. சிதம்பரத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவரால் ஸ்டாண்டுக்கு வந்து மறுக்கவும் முடியவில்லை. ஹிதாயத்துல்லாவோ அதற்குப் பிறகு சன்னலுக்கு வெளியே கை நீட்டிச் சைகை காட்டியதே இல்லை.

அந்தப் படம் இப்போது யூடியூபில் தெளிவாக வந்திருக்கிறது. அல்மாஸ் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். கை நீள்கிறது. உள்ளே போகும்போது கதவை இரண்டு தட்டுத் தட்டுகிறது. தட்டுவது எல்லா டிரைவருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனாலும் அந்தக் கை அவருடையதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அசையும் அத்தா அவளுக்கு வேறு எங்கேயும் கிடையாது. அத்தாவின் போனில் 'கைகாட்டி' என்றிருந்த நம்பரைக் கூப்பிட்டாள். அதே வண்டியில், படத்தின் வழியிலேயே, எடிட்டர் விழுங்கிய ஊர்களையும் தாண்டிப் போனாள்.

மேலவீதி முனையில் சாமிக்கண்ணு காத்திருந்தார்.

"வண்டி சத்தம் கேட்டதும் அவன்தான் வரான்னு நெனச்சிட்டேன், பாப்பா."

அவள் போனை நீட்டினாள். "மாமா, இந்தக் கை யாரோடது?"

"ஸ்டாண்டுல போயி கேளு. சாமிக்கண்ணுதும்பானுவ."

"நீங்க சொல்லுங்க."

"நான் என்னைக்குக் கை காட்டித் திரும்புனேன்? என் வண்டியில ஒக்காரவே ஒங்க அத்தா பயப்படுவான்." அவர் முனையைக் காட்டினார். "அதோ, அங்கேருந்து ஒருத்தன் சைக்கிள்ல முட்டைய அடுக்கிகிட்டு வந்தான். நமக்குத்தான் அது சினிமா. முட்டக்காரனுக்கு என்னா தெரியும்? இவன் கைய நீட்டிட்டான். கேமராவுல முட்டக்காரன் விழல, கைதான் விழுந்துச்சி. நான் பின்சீட்டுல கொள்ளையடிச்ச பொட்டிய கட்டிப் புடிச்சிகிட்டு படுத்துருந்தேன். 'மச்சான், ஜீப்புல வர்ற போலீசுக்கும் வழி சொல்லிட்டுப் போறியா'ன்னேன்."

அல்மாஸ் சிரித்தாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. காட்சியை இன்னொரு முறை ஓட்டினாள். கை. இரண்டு தட்டு. சாமிக்கண்ணு தேர்முட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வருஷம் அந்தப் பேர ஏன் மாமா சொமந்தீங்க?"

"என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையிலயே கைகாட்டின்னு போட்டாதான் ஊருக்கு அடையாளம் தெரிஞ்சிது. அப்புறம் எங்க போயி எறக்கி வைக்க?" சிரித்தார். "கடைசியா அவனேதான் போன் பண்ணான். 'பிரேக்க சரி பண்ணிகிட்டு இருக்கோம் மச்சான். வந்து ஒன்ன ஏத்திகிட்டு போறேன். ஸ்டாண்டு டீக்கடையில எல்லாரு முன்னாடியும் கை என்னுதுன்னு சொல்லிடறேன். அந்தப் பேர நான் வாங்கிக்கறேன்'ன்னான். அங்க நம்ம செட்டுல ஆரோக்கியராஜ் ஒருத்தன்தான் பாக்கி. அவன் காதுல விழுந்தாலே போதும்னேன்."

வண்டியின் கூரையை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

"அதுக்குன்னு தேச்சி வச்ச சட்ட அப்படியே தொங்குது, பாப்பா."

அல்மாஸ் முன்கதவைத் திறந்து வைத்தாள்.

"போட்டுகிட்டு வாங்க மாமா."