ஏவிஸ் வீட்டுக்கு ஹீட்டர் வந்த கதை

குளிரவே இல்லை என்று சாதிக்கிறவருக்கு ஹீட்டர் வாங்கித் தருவது எப்படி? அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது.

பூமியின் தென்கோடிக் குளிர் ஊரான இன்வர்கார்கிலில், வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் ஒரு அறக்கட்டளை கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் மூன்றாவது ஏவிஸ் என்ற பாட்டியுடையது. வயது எழுபத்தொன்பது. இடுப்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். இரண்டு குளிர்காலமாக நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மூன்றாவது முறை வந்தால் இந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம், முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் சுவரில் ஹீட்டர் மாட்டித்தர வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. அங்கே நடுக் குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஏவிஸின் முன்னறை பத்தைத் தாண்டியதில்லை.

ஆனாலும் முதல் சோதனையில் வெப்பம் அளக்கும் கருவி இருபத்தொன்று காட்டியது. அறக்கட்டளை ஆய்வாளர் வருகிறார் என்றதும் ஏவிஸ் காலையிலேயே ஓவனில் சீஸ் ரோலை வைத்து, அதன் கதவையும் திறந்துவிட்டிருந்தார். வீடு தேடி வருகிறவரை விறைக்கவிடுவது அந்த ஊரில் யாருமே செய்யாத காரியம். ஆய்வாளர் டிபேனே நான்கு ரோல்களைச் சாப்பிட்டு, வீடு கதகதப்பாக இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு டூகலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் மரியாதைய எடுத்து அடுப்புல போடு. அடுத்த தடவை நான் காவலுக்கு வரேன்," என்றார்.

சொன்னபடியே, இரண்டாவது சோதனையன்று விடிந்ததும் தன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஓவனுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். வந்த டிபேனே வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கருவி ஒன்பது காட்டியது. டூகல் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் படிவத்தில் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. குடியிருப்பவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

"உங்களுக்குக் குளிருதாம்மா?"

ஏவிஸ் மூன்றாவது கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இதெல்லாம் ஒரு குளிரா தம்பி?" என்றார்.

டூகல் தலையில் அடித்துக்கொண்டார். சரி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் போதும் என்று இறங்கி வந்தார் டிபேனே. உங்களுக்குக் குளிருதா என்று டூகலிடம் கேட்டார். குளிர்கிறது என்று ஒப்புக்கொள்வது அந்த ஊரில் மானக்கேடு. எழுபத்திரண்டு வருஷமாக டூகல் சொல்லாத வார்த்தை அது. கடைசியில், "கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு," என்றார்.

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. டிபேனே எல்லாவற்றையும் மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். முதியோர் இல்லம் தெருமுனைவரை வந்துவிட்ட மாதிரி இருந்தது டூகலுக்கு.

அப்போதுதான் ஏவிஸ் கவனித்தார். டிபேனே ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலுறை ஓட்டை வழியே எட்டிப்பார்த்த கட்டைவிரல் நீலம் பாரித்திருந்தது.

"உனக்குக் குளிருதா தம்பி?"

"இல்லம்மா." அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

"பொய் சொல்லாத. கால் வெரலப் பாத்தாலே தெரியுது. எழுது. எனக்கு ஒண்ணும் வேணாம். என் வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஹீட்டர் வேணும்."

டிபேனே எழுதினார். அறக்கட்டளையில் யார் படித்தார்களோ, எப்படிப் படித்தார்களோ, பத்தே நாளில் சுவரில் ஹீட்டர் வந்துவிட்டது.

ஆனால் விருந்தாளி இருந்தால்தான் ஏவிஸ் அதைப் போடுவார். அதனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் டூகல் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மதியத்துக்கு ஐந்தாம் வீட்டுக்காரர், சாயங்காலத்துக்கு வேலை முடிந்து போகும் டிபேனே. இந்தக் குளிர்காலம் ஏவிஸுக்கு இருமல்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் ஆள் போதவில்லை. அதனால் இதைப் படித்தவர்கள் நான்கு பேருக்குச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டட்டும். குளிர்கிறது என்று மட்டும் அங்கே சொல்லிவிட வேண்டாம்.